கலசத்துக்கு மஞ்சள் பெயின்ட் போதாதா? பொன் நிறம் பற்றி ஒரு விவாத இழை

பாலாற்றுமணல்:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளிகொண்டா பக்கம் எங்க ஊர் மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நெருங்குது. திருப்பணிக் கமிட்டிச் சண்டை கலசத்துல வந்து நிக்குது. செம்புக் கலசம். போன கும்பாபிஷேகத்துக்குத் தங்கக் கலர் பெயின்ட் அடிச்சு ஏத்தினாங்க. ரெண்டு மழைக்காலம் தாங்கல, பச்சையும் கறுப்புமா ஆயிடுச்சு. இப்ப பெரியவங்க தங்க முலாம் பூசணும்கிறாங்க. இன்னொரு கோஷ்டி, அந்தக் காசுல சமையல் கூடம் கட்டலாம், கலசத்துக்கு நல்ல மஞ்சள் எனாமல் அடிச்சாப் போதும், கீழேருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாதுங்குது. பக்கத்துலயே ஸ்ரீபுரம் தங்கக் கோயில் இருக்கிறதால எல்லார் பேச்சும் அங்க போய்த்தான் முடியுது.

வித்தியாசம் கண்டிப்பாத் தெரியும்னு எனக்குத் தோணுது. ஏன்னு கேட்டா சொல்ல வரல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேதியியல் வாத்தி:
உங்கள் கண் சரியாகத்தான் சொல்கிறது. பெயின்ட்டில் விழும் ஒளி நாலாபக்கமும் சிதறும். எங்கே நின்று பார்த்தாலும் அதே மஞ்சள்தான். தங்கம் உலோகம், மெருகிட்டால் கண்ணாடி மாதிரி ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். அப்படி அனுப்பும்போது நீலத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். கலசத்தில் தெரிவதெல்லாம் எதிரே இருக்கும் சூரியனும் மேகமும் அரசமரமும்தான், நீலம் கழிந்து தெரிகின்றன. நீங்கள் நாலடி நகர்ந்தால் அந்தப் பளபளப்பும் கூடவே நகரும். எனாமலால் இதைச் செய்யவே முடியாது.

வெள்ளி ஏன் வெள்ளையாக இருக்கிறது, தங்கம் ஏன் இப்படி என்று வகுப்பில் கேட்காத பிள்ளை கிடையாது. தங்கத்தின் அணு எண் 79. கருவில் அத்தனை புரோட்டான்கள் இருப்பதால் அதை ஒட்டிச் சுற்றும் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலாக ஓடுகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விதி தலையிடுகிறது. எலெக்ட்ரான் கூடுகள் சில சுருங்குகின்றன, சில விரிகின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள ஆற்றல் இடைவெளி குறைந்து, நீல ஒளியின் அளவுக்கு வந்துவிடுகிறது. வெள்ளியில் அந்த இடைவெளி புறஊதாக் கதிரில் இருக்கிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. அந்தச் சார்பியல் விளைவு மட்டும் இல்லையென்றால் தங்கமும் வெளுத்துத்தான் இருந்திருக்கும், அடகுக் கடையில் இரண்டையும் உரசிப் பார்த்தே பிரிக்க வேண்டியிருக்கும்!

ஒரு வேடிக்கை: அடித்து மெலிதாக்கிய தங்க ரேக்கை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊடுருவி வரும் ஒளி பச்சையாக இருக்கும்.

தூரிகை:
வாத்தி சார் சொன்ன அந்த நகர்கிற பளபளப்புதான் ஓவியர்களுக்கு ஆயிரம் வருஷத் தலைவலி. 1435-ல இத்தாலியில ஆல்பெர்ட்டி ஓவியக்கலை பத்தி எழுதினப்போ, படத்துல நிஜத் தங்கம் ஒட்டாதீங்க, தங்கம் தெரியணும்னா சாயத்தாலயே தீட்டிக் காட்டுங்க, அதுதான் திறமைனு சொன்னார். அவர் சொன்ன காரணத்தைக் கவனிங்க. தட்டையான பலகையில தங்கம் ஒட்டினா, வெளிச்சமா இருக்க வேண்டிய இடம் ஒரு கோணத்துல இருண்டு போகுது, இருட்டா இருக்க வேண்டிய இடம் மின்னுது. ஓவியன் போட்ட நிழல் அவன் கையில நிக்கலைங்கிறதுதான் அவர் கோபம்.

அதே விஷயத்தை வேணும்னே பயன்படுத்தினவங்க பைசாந்தியக் (பழைய கிழக்கு ரோமப் பேரரசு) கலைஞர்கள். இத்தாலியில ராவென்னா, இன்னிக்கு இஸ்தான்புல்னு சொல்ற கான்ஸ்டான்டிநோபிள் தேவாலயச் சுவர்கள்ல இருக்கிற பொன் சில்லுகள் ஒவ்வொண்ணும் ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல தங்க ரேக்கு வச்சுச் செஞ்சது. அதைச் சுவர்ல சமமாப் பதிக்காம, கொஞ்சம் சாய்ச்சுச் சாய்ச்சுப் பதிச்சாங்க. விளக்கு ஆடினா, ஆள் நடந்தா, சுவரே அசையற மாதிரி இருக்கும். 1903-ல ராவென்னா போய் அதைப் பார்த்துட்டு வந்தவர்தான் ஆஸ்திரிய ஓவியர் குஸ்டாவ் க்ளிம்ட். அப்பா தங்க வேலைப்பாடு செய்தவர், அதனால ரேக்கு ஒண்ணும் அவருக்குப் புதுசு இல்ல. 1907-08ல வரைஞ்ச 'முத்தம்' ஓவியத்தைப் புத்தகத்துல பார்த்தா பழுப்பு மஞ்சள்தான் தெரியும். அச்சு மையால பொன்னைப் பிடிக்க முடியாது. போன் திரையாலயும் முடியாது.

நம்ம தஞ்சாவூர் ஓவியம் இன்னொரு வழி. பலகையில துணி ஒட்டி, சாக்பீஸ் தூளும் பசையும் பூசி, நகை, மண்டபம் வர்ற இடத்துல மட்டும் மக்கு (தூளும் பசையும் குழைச்ச கலவை) வச்சு மேடாக்கி, அதுமேல ரேக்கு ஒட்டுறோம். மேடு இருக்கிறதால ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு திசையில ஒளியைத் திருப்பும். கிருஷ்ணன் முகத்துக்கு ரேக்கு கிடையாது, வெறும் சாயம். சிலர் இப்ப முகத்தைத் தவிர மிச்சம் எல்லா இடத்துலயும் தங்கமா நிரப்புறாங்க. எனக்குப் பிடிக்கல. எல்லாமே மின்னினா எங்கதான் பார்க்கிறது?

மாரிகுப்பம் பேரன்:
தங்க நிறம்னு எல்லாரும் அழகா பேசுறீங்க. எங்க வீட்ல அந்தப் பேச்சே வேற மாதிரி. தாத்தா குடியாத்தம் பக்கத்துலேருந்து கோலார் தங்க வயலுக்குப் போனவர். அந்தக் காலத்துல வட ஆற்காட்லேருந்து ஊர் ஊரா போனாங்க, பெரும்பாலும் நிலம் இல்லாத சேரி ஜனங்க. 1880-ல ஜான் டெய்லர் கம்பெனி எடுத்து நடத்தின சுரங்கம். 1902-லயே சிவசமுத்திரத்துலேருந்து கரண்ட் வந்துடுச்சு, அதெல்லாம் மிஷினுக்கும் துரைமார் பங்களாவுக்கும். ஆளுங்க லைன் வீட்ல இருட்டுலதான் கிடந்தாங்க. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கும் கீழ போச்சு. அங்க பாறை சூட்டுல நின்னு துளை போட்டவர் தாத்தா.

அவர் சொல்வார், "கீழ தங்கமே இல்லடா, கல்லுதான்." கறுப்புப் பாறை, நடுவுல வெள்ளைக் கல் நரம்பு. ஒரு டன் கல்லுல சில கிராம், அதுவும் கண்ணுக்குத் தெரியாத பொடியா. மேல கொண்டாந்து இடிச்சு, சயனைடு தண்ணியில கரைச்சு, உருக்கினாதான் மஞ்சள் வரும், அந்த அறைக்குள்ள கல் உடைச்சவனுக்கு வேலை இல்ல. சாயங்காலம் மேல வந்தா உடம்பு முழுக்கச் சோதனை போட்டுத்தான் அனுப்புவாங்க. நுரையீரல்ல போனது கல் தூசி. 120 வருஷத்துல 800 டன் எடுத்தாங்க. 2001 பிப்ரவரி 28 அன்னிக்கு மூடினாங்க. இன்னிக்கு அங்க போனா கண்ணுக்குத் தெரியறது சாம்பல் நிற சயனைடு மேடுங்கதான்.

விஷாரத்துக்காரன்:
@மாரிகுப்பம் பேரன், படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன் தம்பி.

எங்க மார்க்கத்துல ஆம்பளைக்குத் தங்கமும் பட்டும் ஆகாது. தங்கப் பாத்திரத்துல சாப்பிடறதும் கூடாது. கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு வெள்ளி மோதிரம்தான். ஆனா பழைய குர்ஆன் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தா ஓரம் பூரா பொன் மை. ஜெருசலேம்ல பாறைக் குவிமாடத்துக்கு இப்ப இருக்கிற தங்கம் 1993-ல ஜோர்டான் மன்னர் ஹுசைன் போட்டது, ஏறக்குறைய 80 கிலோ. அதுக்கு முன்ன அலுமினிய வெண்கலத் தகடு இருந்துச்சு. உடம்புல தங்கம் பெருமையாகும், வேதத்து மேல போனா மரியாதையாகும்னு எங்க நன்னா (தாத்தா) விளக்கம் சொல்வார்.

காளைக்கன்னு கதை எல்லாருக்கும் தெரியும். மூசா நபி மலைக்குப் போயிருந்தப்போ ஜனங்க நகையை உருக்கிக் கன்னுக்குட்டி செஞ்சு கும்பிட்டாங்க. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற என் கிறிஸ்தவ நண்பர் சொல்வார், பைபிள் யாத்திராகமத்துல உடன்படிக்கைப் பெட்டிக்கு உள்ளயும் வெளியிலயும் தங்கத் தகடு போடச் சொன்னது 25-ம் அதிகாரம், கன்னுக்குட்டி வர்றது 32-ம் அதிகாரம். அதே ஜனங்க, அதே தங்கம்.

ஆரணி நெசவு:
பட்டுன்னு பாய் சொன்னதும் நானும் உள்ள வரேன். நாங்க ஆரணி, தலைமுறையா தறி. ஜரிகைன்னா முழுத் தங்கம்னு நினைச்சுப் பேசற வாடிக்கையாளர் இன்னிக்கும் இருக்காங்க. உள்ள பட்டு இழை. அதுமேல வெள்ளிக் கம்பியைத் தட்டைப் படுத்திச் சுத்துவாங்க. அதுக்கு மேலதான் தங்க முலாம். அசல் ஜரிகையில வெள்ளி பாதிக்கு மேல, தங்கம் எடையில ஒரு சதவீதம் கூடக் கிடையாது. அந்தத் துளி தங்கந்தான் முழுப் புடவைக்கும் பேர் வாங்கிக் குடுக்குது! ஹாஃப் ஃபைன்னா வெள்ளிக்குப் பதில் செம்பு. இப்ப பாதி கடையில ஓடறது பாலியெஸ்டர் ஜரிகை; கறுக்காது, ஆனா பார்த்தாலே தெரியும், ஒரே மாதிரி கத்திட்டிருக்கும்.

தூரிகை அம்மா சொன்ன மேடு விஷயம் எங்களுக்கும் உண்டு. ஜரிகை நூல் முறுக்கி இருக்கிறதால ஒவ்வொரு சுத்தும் ஒளியை வேற பக்கம் தள்ளும். அதனாலதான் முகூர்த்தப் புடவைக்கு அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்துன்னு அடர்த்தியான உடல் நிறம். வெள்ளை உடல்ல அதே ஜரிகை போட்டா எடுபடாது, அதுக்குத் தனியா கண்ணு பழகணும்.

காட்டாமணக்கு:
நான் பூச்சி பிடிக்கிறவ, அதனால என் பங்குக்கு. இயற்கையில "பொன்"னு நாம கூப்பிடற பலதும் வெறும் மஞ்சள்தான். மாங்குயில் எவ்வளவு அழகு, ஆனா அந்த மஞ்சள் சாப்பாட்டுலேருந்து வர்ற கரோட்டினாய்டு சாயம். சரக்கொன்றையும் ஆவாரம்பூவும் வெறும் மஞ்சள் சாயம்தான். கொன்றைப் பூவைப் பெண்கள் கூந்தல்ல வச்ச பொன் நகைன்னு குறுந்தொகையில ஒரு பாட்டே இருக்கு. பொன்னார் மேனியனேன்னு பாடின சுந்தரரும் அடுத்த வரியில கொன்றையைத்தான் சூட்டறார். பூ மின்னாது, ஆனா வேலூர் வெயில்ல இலையே இல்லாம மரம் முழுக்கத் தொங்கறப்போ யார் மறுத்துப் பேசுவாங்க.

நிஜமா உலோகம் மாதிரி மின்னறது பூச்சிங்கதான். கருவேல மரத்துல பிடிச்சுத் தீப்பெட்டியில வச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவோமே, பொன்வண்டு. அதோட பளபளப்புல சாயமே கிடையாது. ஓட்டுல அடுக்கடுக்கா இருக்கிற மெல்லிய படலங்கள் ஒளியைப் பிரிச்சு அனுப்புது. செத்து வருஷம் ஆனாலும் நிறம் போகாது. ஆனா நெய்வேலிக் காட்டாமணக்கு இலை பின்னால ஆமை வண்டுன்னு ஒண்ணு இருக்கும், ஓடு கண்ணாடி மாதிரி, நடுவுல பொட்டு வச்ச மாதிரி சொக்கத் தங்கம். அதோட தங்கம் படலங்களுக்கு நடுவுல இருக்கிற ஈரத்துல இருக்கு. செத்து உலர்ந்தா மந்தமான பழுப்புதான் மிஞ்சும். ஊசி குத்திச் சேகரிக்கிறவங்க எல்லாரும் ஏமாந்த பூச்சி அது. அரளிச் செடி இருந்தா இலைக்கு அடியில பாருங்க, வெண்புள்ளிக் கருப்பன் பட்டாம்பூச்சியோட கூட்டுப்புழு தொங்கும். பாலீஷ் போட்ட தங்கத் தொங்கட்டான்.

விஷாரத்துக்காரன்:
ஆவாரம்பூன்னு அக்கா சொன்னாங்க. எங்க பக்கம் அதோட பூவை விடப் பட்டைக்குத்தான் மவுசு. அந்தக் காலத்துத் தோல் ஷாப்புல ஆவாரம்பட்டை ஊறல்லதான் தோல் பதனிடுவாங்க. வெளிய எடுத்தா இளம் பொன் நிறம். வெயில் பட்டா சிவந்துடும், அதனால கடைசியில கடுக்காய்த் தண்ணியில போட்டு எடுப்பாங்க. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியிலேருந்து சீமைக்குப் போன சரக்கு அதுதான். அப்புறம் குரோம் உப்புல பதனிடற முறை வந்துச்சு. தோல் நீல நிறமாச்சு, பாலாறு என்ன நிறமாச்சுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

கூத்துப்பித்து:
செய்யாறு பக்கம் வந்து பாருங்கோ, ஒரு குண்டுமணி தங்கம் இல்லாம தெருக்கூத்து துரியோதனன் எப்படி ஜொலிக்கிறான்னு. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டை. கனமில்லாத மரம், ராத்திரி பூரா கட்டிக்கினு ஆடணும் இல்ல. அதுமேல கண்ணாடித் துண்டு, ஜிகினாக் காயிதம். பகல்ல சாமான் பெட்டியைத் தொறந்து பார்த்தா சிரிப்பு வரும், இன்னா இதுன்னு. பெட்ரோமாக்ஸ் ஏத்தி, திரை பின்னால அவன் கிறுகிறுன்னு சுத்தும்போது பாருங்கோ. இப்ப எங்க பார்த்தாலும் வெள்ளை எல்.இ.டி. ஃபோகஸ் போட்டுட்டாங்க, அந்த ஜொலிப்பு பாதி போச்சு.

வேதியியல் வாத்தி:
@கூத்துப்பித்து, அதற்குக் காரணம் உண்டு. எண்ணெய் விளக்கு, பெட்ரோமாக்ஸ் இரண்டிலும் நீலம் குறைவு, மஞ்சளும் சிவப்பும்தான் அதிகம். பொன் நிறப் பொருள் அதை அப்படியே திருப்பித் தரும். வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் தூக்கல். பொன்னுக்கு அது உதவாது, வெளிறிக் காட்டும். கருவறையில் கவசம் சாத்திய அம்மனை விளக்கில் பார்த்துவிட்டு, அதே கவசத்தை டியூப் லைட்டில் பாருங்கள். கவசத்துக்குச் செலவு செய்யும் கமிட்டி, விளக்குக்கு மட்டும் கடையில் மலிவானதை வாங்கி மாட்டுகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

தெற்குமாடவீதி:
நடுவுல ஒரு கேள்வி. ஸ்ரீபுரத்துல 1,500 கிலோ தங்கம்னு சொல்றாங்க. 2007 ஆகஸ்ட்ல திறந்தப்போவே கேட்டேன், இப்பவும் கேக்கறேன்: பாலாத்துல தண்ணி இல்லாத ஊருக்கு இது தேவையா?

ஆரணி நெசவு:
தேவை தேவையில்லைன்னு பார்த்தா தில்லையில பொன் ஓடு எதுக்கு? முதலாம் பராந்தகன் காலத்துலயே வேஞ்சிட்டான். 21,600 ஓடு, ஒரு நாளைக்கு மனுஷன் விடற மூச்சு எண்ணிக்கைன்னு தீட்சிதர்கள் கணக்கு சொல்வாங்க. அமிர்தசரஸ்ல ரஞ்சித் சிங் போட்டாரு. திருமலையில கிருஷ்ணதேவராயர் போட்டாரு. ஸ்ரீபுரத்தை நம்பி ஆட்டோ ஓட்டறவன், பூக்கடை வச்சவன் எத்தனை பேர்னு அந்தக் கோயில் இருக்கிற திருமலைக்கோடி போய்ப் பாருங்க.

தெற்குமாடவீதி:
ராஜா போட்டாருங்கிறது பதில் ஆகாது அண்ணே. அந்த ராஜாவுக்கு வரி கட்டினது யாரு?

நெறியாளர்:
இந்தக் கேள்விக்குத் தனி இழை திறங்க. இங்க நிறம் மட்டும்.

தூரிகை:
நிறமாவே பேசறேன். ஸ்ரீபுரத்துல என்னை இழுத்தது தங்கத்தோட அளவு இல்ல. செம்புத் தகட்டுல புடைப்பு வேலை செஞ்சு அதுமேல தங்கத் தகடு போட்டிருக்காங்க. நட்சத்திர வடிவப் பாதையில நடக்கும்போது கோயில் ஒரு பக்கம் தெரியும், மறையும், வேற பக்கத்துலேருந்து வரும். ஒவ்வொரு திருப்பத்துலயும் வேற நிறம். போனை வெளிய வாங்கி வச்சுடறது நல்லதாப் போச்சு, எல்லாரும் கண்ணாலதான் பார்க்கிறாங்க. மத்தியானம் போகாதீங்க, கண் கூசும். விளக்கு போட்டப்புறம் அகழித் தண்ணியில தெரியறதுதான் எனக்குப் பிடிச்சது.

பாலாற்றுமணல்:
இவ்வளவு வரும்னு நினைக்கல. வாத்தி சார், நடைமுறைக்கு ஒரு கணக்கு சொல்லுங்க. முலாம்னா எத்தனை பவுன் இறங்கும்?

வேதியியல் வாத்தி:
தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்கு முலாம் பூச 19.3 கிராம் ஆகும். உங்கள் கலசம் இரண்டரை அடி என்றால் பரப்பு அரை சதுர மீட்டரைச் சுற்றி இருக்கும். பத்துப் பன்னிரண்டு கிராம், அதாவது ஒன்றரைப் பவுன். வெட்டவெளியில் நிற்கும் பொருளுக்கு ஒரு மைக்ரானுக்குக் குறையக் கூடாது. நடுவில் நிக்கல் பூச்சு கேளுங்கள். இல்லாவிட்டால் நாளாவட்டத்தில் செம்பு தங்கத்துக்குள் ஏறி மேலே வந்து கறுக்கும். பாதரசத்தில் தங்கம் கரைத்துப் பூசிச் சூடாக்கும் பழைய முறையை யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நன்றாகத்தான் பிடிக்கும், ஆனால் அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

தங்கம் வேண்டாம் என்றால் டைட்டானியம் நைட்ரைடு இருக்கிறது. ட்ரில் பிட் முனையில் பொன் நிறம் பார்த்திருப்பீர்களே, அதுதான். துருப்பிடிக்காத எஃகின் மேல் வெற்றிடத்தில் ஏற்றுகிறார்கள். உலோகம் மாதிரியே ஒளியைத் திருப்பும், வெயில் மழைக்கு அசையாது. நிறம் சற்றுச் சிவப்பு கலந்து இருக்கும், நகைக்கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் எஃகில் செய்த புதுக் கலசம் வேண்டும். செம்புதான் ஆகமம் என்று ஸ்தபதி மறுக்கலாம்.

உங்கள் பழைய பெயின்ட் கறுத்ததற்குக் காரணம், அதில் இருந்தது பித்தளைத் தூள். செம்பும் துத்தநாகமும் காற்றில் ஆக்சைடாகும். மதில், தூண் மாதிரி இடங்களுக்குப் பொன் நிறம் வேண்டுமானால் மைக்கா கலந்த பெயின்ட் என்று கேட்டு வாங்குங்கள். காக்காப்பொன் செதிலின் மேல் டைட்டானியம் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு பூசிய தூள் அது. கறுக்காது.

பாலாற்றுமணல்:
காக்காப்பொன்னா! பாலாத்து மணல்ல பொறுக்கித் தங்கம்னு சொல்லி ஏமாத்தி விளையாடினதா?

காட்டாமணக்கு:
அதேதான். கார் பெயின்ட்லயும் நெயில் பாலீஷ்லயும் மின்னறது பல நேரம் அந்தச் செதில்தான்.

தெற்குமாடவீதி:
@பாலாற்றுமணல், ஒன்றரைப் பவுன்னா சமையல் கூடத்துக்கும் காசு மிஞ்சும். முதல்ல கமிட்டியில இந்தக் கணக்கைப் போடுங்க. பாதிச் சண்டை கணக்கு தெரியாததால வர்றது.

குடியாத்தம் மருமகள்:
இழை வேற பக்கம் போயிட்டிருக்கு, ஆனா நெசவு அண்ணன் இருக்கிறப்பவே கேட்டுடறேன். மாமியாரோட கூறைப்புடவை ஒண்ணு மடிப்புல எல்லாம் விட்டுப் போச்சு. "பழைய பட்டு ஜரிகை வாங்கறோம்"னு தெருவுல வர்றவர் ஒரு விலை சொல்றார். குடுக்கலாமா? ஜரிகை கொஞ்சம் கறுத்திருக்கு.

ஆரணி நெசவு:
கறுத்திருந்தா நல்ல அறிகுறிம்மா, உள்ள வெள்ளி இருக்கலாம். ஓரத்துலேருந்து ஒரு ஜரிகை இழையை உருவி நகத்தால சுரண்டுங்க. உள்ள சிவப்புப் பட்டு நூல் வந்தா அசல். சுரண்டின இடம் வெள்ளையாத் தெரியணும், செம்பு நிறம் தெரிஞ்சா ஹாஃப் ஃபைன். அசல்னா தெருவுல குடுக்காதீங்க. எடை போட்டு உருக்கிப் பார்த்து வெள்ளிக்குக் காசு குடுக்கற கடைங்க இருக்கு, ரெண்டு மூணு இடத்துல விலை கேளுங்க. முந்தானை மட்டும் கெட்டியா இருந்தா அதைத் தனியா வெட்டி வச்சுக்கிட்டு மிச்சத்தை மட்டும் போடுங்க. அந்தக் காலத்து முந்தானை வேலையை இப்ப நெய்யச் சொன்னா கூலி கட்டாது.